ஏலக்காய்க் கம்பெனிக்குச் செயற்கை நுண்ணறிவு: கையெழுத்திடும் முன் தொழில்நுட்பத் தலைவர் பார்க்க வேண்டியவை

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலை ஏலக்காய் தேனி மாவட்டத்துக்கு இறங்குகிறது. மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் மலைமேல் புத்தடியிலும் அடிவாரத்தில் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. இந்தச் சரக்கை நம்பி இருபுறமும் இயங்கும் கம்பெனிகளில் கணினிப் பொறுப்பில் இருப்பவர்களிடம் முதலாளிகள் இப்போது கேட்பது, "நம்மிடம் ஏ.ஐ. எப்போது வரும்?" என்பதுதான். அதற்குத் தேதி சொல்வதற்கு முன் செய்தே ஆக வேண்டிய சில வேலைகளை, அப்பொறுப்பில் இருந்து அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இயந்திரத்திடம் எந்த வேலையைத் தரலாம் என்று யோசிப்பதற்கு முன், அந்த வேலையில் தவறு நேர்ந்தால் அதை யார், எத்தனை நாளில் கண்டுபிடிப்பார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மின்னஞ்சலின் சுருக்கம் பிழையாக இருந்தால் படிப்பவர் அன்றைக்கே திருத்திவிடுவார். 7 மி.மீ. காய் 8 மி.மீ. என்று மூட்டை கட்டப்பட்டுச் சவூதிக்குக் கப்பலேறிவிட்டால், கன்டெய்னர் அங்கே திறக்கப்படும்போதுதான் அது தெரியவரும். முதல் வகையிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, மனிதர் எதை வைத்து முடிவெடுக்கிறாரோ அது தரவில் இருக்கிறதா என்று பார்ப்பது. என்னைப் பொறுத்தவரை இந்தக் குறிப்பில் மிக முக்கியமான இடம் இதுதான். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கேமரா வைத்துக் காய் தரம் பிரிக்கும் கருவியை ஜனவரியில் சோதித்தோம். அளவும் நிறமும் அருமையாக வந்தன. ஆடி மாதப் புதுக்காய் வந்ததும், கருவி முதல் தரம் என்று தள்ளிய குவியலிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளிய மூத்த பொறுக்குப் பெண்மணி, காதருகே குலுக்கிவிட்டு, "தம்பி, இதில் சத்தமே இல்லை. ஈரக்காய்" என்றார். நன்றாகக் காய்ந்த காய்க்குள் விதை சலசலக்கும். ஈரம் நின்ற காய் கிட்டங்கியில் நிறம் மங்கிப் பூசணம் பிடிக்கும். அந்த அம்மாவின் கையும் காதும் அறிந்தது எந்தப் படத்திலும் இல்லை. ஆகவே எத்தனை ஆயிரம் படங்களை ஊட்டியிருந்தாலும் கருவி அதைக் கற்றிருக்க முடியாது. விற்பனையாளர் சொல்லும் துல்லியச் சதவீதத்தைக் கேட்பதற்கு முன், அனுபவசாலி ஒருவரின் அருகில் இரண்டு நாள் உட்கார்ந்து அவர் என்னென்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனையை மழைக்காலக் காயிலிருந்து கடைசிப் பறிப்பு வரை முழுப் பருவத்துக்கும் நடத்துங்கள். அதுவரை கைப்பொறுக்கு மேசையை எடுத்துவிடாதீர்கள்.

மொழியையும் நம் ஊர்ப் பேச்சிலேயே சோதிக்க வேண்டும். எஸ்டேட்டிலிருந்து வரும் செய்திகளில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். "ஸ்டோருக்கு வெள்ளம் வரலை" என்று ஒரு மேஸ்திரி தமிழ் எழுத்தில் அனுப்பினால் தண்ணீர் வரவில்லை என்று பொருள். தமிழ் மட்டும் அறிந்த கருவி அதை வெள்ள அபாயம் இல்லை என்று சுருக்கித் தந்துவிடும். பழைய வாட்ஸாப் செய்திகளில் 200 எடுத்து, சரியான பொருளை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். செலவும் மொழியைப் பொறுத்தது. கருவி உரையைச் சிறு துண்டுகளாக வெட்டியே படிக்கும்; அந்தத் துண்டுதான் டோக்கன். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ வெளியிட்ட எடுத்துக்காட்டில், ஒரே வாசகம் தமிழில் பழைய வெட்டு முறையில் 116 டோக்கனாகவும் புதிய முறையில் 35 டோக்கனாகவும் இருந்தது. ஆங்கிலத்தில் அது 24 தான். டோக்கன் கணக்கில் கட்டணம் கட்டுபவர் ஆங்கிலச் செய்திகளை வைத்து பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும்.

தரவு வெளியே போகும் வழி பெரும்பாலும் நம் ஊழியர்களின் நல்லெண்ணம்தான். 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல்வரிகளைச் சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்து, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. நம்மிடம் ஏலத்தில் எந்த விலை வரை கேட்பது என்று முன்கூட்டியே போட்ட உச்சவிலைப் பட்டியல் இருக்கிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களும் இருக்கின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நம்முடையதே. வெறும் தடை உதவாது என்பது என் கருத்து. நிறுவனக் கணக்கில் பாதுகாப்பான கருவியொன்றைக் கொடுத்து, எதை அதில் இடக்கூடாது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசும் சாட்பாட்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்டே பொறுப்பு என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விலை, தரம், அனுப்பும் நாள் ஆகிய மூன்றையும் மனிதர் ஒப்புதலின்றி எந்தக் கருவியும் வெளியே சொல்லக்கூடாது. வாங்குபவர் அனுப்பும் கோப்பில் கருவிக்கான கட்டளையை ஒளித்துவைக்க முடியும் என்பதால், கோப்பைப் படிக்கும் கருவியிடம் பணம் அனுப்பும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில், கருவிக்குள் இயங்கும் ஏ.ஐ. மாடல் மாறினால் முன்னறிவிப்பு, நம் படங்களின் உரிமை, விலகும்போது தரவைத் திருப்பித் தருதல் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மலைமேல் மின்சாரமும் நெட்வொர்க்கும் போகும் நாளுக்காகப் பழைய நோட்டுப் புத்தக முறையையும் வைத்திருங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன்பே, எப்போது நிறுத்துவது என்று முதலாளியுடன் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாள்தோறும் கருவி பிரித்த குவியலிலிருந்து 100 காய்களை எடுத்து, கருவி சொன்ன தரத்தை மறைத்து, பொறுக்குபவரிடம் கொடுங்கள்; இருவரின் முடிவும் ஒத்துப்போகாத காய்கள் எத்தனையைத் தாண்டினால் கருவியை அணைப்பது என்ற எண் அத்தாளில் இருக்க வேண்டும். அன்றைக்கு யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைக்கும் அதிகாரம் தரம் பிரிக்கும் கூடத்து மேற்பார்வையாளருக்கு உண்டு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.