பள்ளி மைதானத்தில் செடி எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாட்ரட் என்னும் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, எந்தச் செடி எத்தனை என்று மாணவர்களையே எண்ணவைப்பது சூழலியலுக்கு மிக நல்ல தொடக்கம். கயிறும் நான்கு ஆணியும் போதும். ஆனால் முறை பிசகினால் கையில் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

முதல் தவறு வகுப்புக்கு முன்பே நடந்துவிடும். பிள்ளைகள் வருகிறார்கள் என்று முந்தின நாளே மைதானத்தைச் செதுக்கிவிடுவார்கள். ஒரு மூலையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். நல்ல மழைக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் கழித்துப் போனால் செடிகளை அடையாளம் காணலாம்.

கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுச் சதுரம் கட்டுகிறோம். நான்கு பக்கமும் 1 மீட்டர் இருந்தாலும் அது சாய்ந்து போகலாம், பரப்பு குறைந்துவிடும். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டும் சுமார் 141 செ.மீ. இருக்க வேண்டும்.

பெரிய தவறு, இடத்தைக் கண்ணால் தேர்வது. பிள்ளைகள் பச்சையாக இருக்கும் பக்கமே போவார்கள். சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசுவதும் சரியல்ல. வீசும் கைக்கும் ஒரு திசை உண்டு. 20 × 20 மீட்டர் இடத்தைக் குறித்து, 0 முதல் 19 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். முதல் சீட்டு நீளத்துக்கு. அதைத் திரும்பப் போட்டுவிட்டு எடுக்கும் இரண்டாவது, அகலத்துக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சட்டத்தின் கீழ் இடது மூலை. குறைந்தது பத்து முறையாவது போட வேண்டும்.

வெறுந்தரையில் விழுந்தால் "இங்க ஒண்ணுமே இல்ல சார்" என்று தள்ளிப் போடுவார்கள். விடாதீர்கள்; அங்கே 0 என்று எழுத வேண்டும். பத்துச் சட்டத்தில் நான்கில் மட்டும் குப்பைமேனி, மொத்தம் 30 செடி என்றால் நிகழ்வெண் (அந்தச் செடி இருந்த சட்டங்களின் பங்கு) 40 சதவீதம், அடர்த்தி சதுர மீட்டருக்கு 3. வெறுமையாக இருந்த மூன்றை ஒதுக்கிவிட்டால் அதுவே 57 சதவீதமும் 4.3-உம் ஆகிவிடும். தரை அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் பொய் எண்ணை எழுதுகிறோம்.

கயிற்றின்மேலேயே நிற்கும் செடியை என்ன செய்வது? இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்த்தி, மற்ற இரண்டும் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வேர் வெளியே இருந்து இலை மட்டும் உள்ளே சாய்ந்தால் கணக்கில்லை.

அருகம்புல்லை எண்ணவைக்காதீர்கள். அது கொடியாய்ப் படர்வதால் ஒரு செடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. சட்டத்தை 20 செ.மீ. கட்டங்களாக 25 ஆகப் பிரித்தால் ஒரு கட்டம் 4 சதவீதம். புல் மூடிய கட்டங்களைக் கூட்டினால் போதும்.

பெயர் தெரியாத செடியைப் பிடுங்க வேண்டாம். 'செடி அ' என்று குறித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பார்த்தீனியத்தைத் தொட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும். நெருஞ்சி இருக்கும் தரையில் செருப்பு அவசியம்.

மரநிழலையும் விளையாடும் இடத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வியே மறைந்துபோகும். தனித்தனியாகப் பத்துப் பத்து போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நீள ஆணியை அழுத்தி, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மிதிபடும் தரையில் நிமிர்ந்து வளரும் செடிகள் குறைந்து அருகு மட்டும் நிற்பதைக் காட்டினால், அதன் வளர்முனை மண்ணை ஒட்டியே இருப்பதால்தான் மிதித்தாலும் தப்பிக்கிறது என்பதைப் பிள்ளைகளே குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.