தெருத் தோட்டத்தில் சமத்துவப் பொங்கல்: நாற்பது பேருக்கு

மதுரையில் தமிழும் சௌராஷ்டிரமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும். எல்லா வீடும் வரவேண்டுமா? பணம் வசூலிக்காதீர்கள், வீட்டுக்கு ஒரு பொருள் கேளுங்கள்.

பச்சரிசி 2 கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் 3 கிலோ, நெய் அரை கிலோ. அரிசி, பருப்பு அளந்த படியாலேயே நான்கு மடங்கு தண்ணீர். அரிசி விரலில் மசியும்முன் வெல்லம் போட்டால் அப்புறம் எவ்வளவு எரித்தாலும் விதைவிதையாகத்தான் நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும்.

அடுப்பு செடிகளிலிருந்து பத்தடி தள்ளி. காற்று வரும் பக்கம் செங்கல் அடையுங்கள். சாம்பல் மறுநாள் ஆறியபின், பாத்திக்கு ஒரு கைப்பிடி போதும்.

ரம்ஜான், கிறிஸ்துமஸ் விருந்தும் இங்கேயே என்றால் சைவத்துக்குக் கரண்டி தனி. கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள்.