பிச்சை போடுவதில் நாம் செய்யும் தவறுகள்

அமாவாசையன்று மயிலாப்பூர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் மடியில் ஐந்து புளியோதரைப் பொட்டலங்கள் இருந்தன. ஆறாவதை நான் நீட்டினேன். "சோறு போதும் சாமி, முட்டிக்குத் தேய்க்கத் தைலம் வாங்க வேண்டும்" என்றார்.

காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள், சாப்பாடு மட்டுமே தர வேண்டும் என்று அதுவரை பிடிவாதமாக இருந்தேன். அது தவறு. தெருவில் வாழ்பவருக்கும் சோப்பு வேண்டும், செருப்பு வேண்டும், கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள். கேட்க நேரமில்லையா, பத்து ரூபாயைக் கையில் கொடுங்கள். "உழைத்துச் சாப்பிடக் கூடாதா?" என்று தள்ளாத வயதில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். கொடுக்க மனமில்லை என்றால் "இல்லைம்மா" என்று முகம் பார்த்துச் சொன்னாலே போதும்.

குழந்தை கையேந்தினால் மட்டும் காசு கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. உச்சி வெயிலில் சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டும் சிறுமிக்குக் கிடைக்கும் காசுதான், நாளைக்கும் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அங்கே நிறுத்துகிறது. குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 5 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். "அண்ணா சாலையில் ஒரு குழந்தை" என்று சொன்னால் எங்கே போய்த் தேடுவார்கள்? எந்த சிக்னல், எந்தக் கடைக்கு எதிரே, என்ன நிறச் சட்டை, கூட இருப்பது யார் என்று சொல்லுங்கள்.

அதே வேகத்தில் "பிள்ளை பிடிப்பவர்கள்" என்று படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. கைக்குழந்தையோடு நிற்பவள் பெற்ற தாயாகவே இருக்கலாம். 2018 மே மாதத்தில் இப்படிப் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்ணையும் பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரையும் அடித்தே கொன்றார்கள். சந்தேகம் வந்தால் 1098 அல்லது போலீஸ். வேறு யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

சடை விழுந்த தலையோடு தனக்குள்ளே பேசிக்கொண்டிருப்பவரின் முன்னால் நாணயத்தை வைத்துவிட்டு நகர்வதும் சரியல்ல. அவருக்குத் தேவை மருத்துவம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படித் திரிபவரைப் பாதுகாக்கும் கடமையை உள்ளூர்க் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே தகவல் சொல்லுங்கள். ஆதரவற்ற முதியவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. முதல் அழைப்பில் யாரும் வரவில்லை என்றால் மறுநாளும் அழையுங்கள்.