இரண்டு கேபிள் போட்டும் சர்வர் வேகம் ஏறவில்லையா? சுவிட்சுகளுக்கு இடையே எல்ஏசிபி

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு 1 ஜிகாபிட் கேபிள்களை இணைத்து எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே குழுவாகச் சேர்க்கும் நெறிமுறை) போட்டாயிற்று. ஆனாலும் சர்வரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இழுத்தால் வினாடிக்கு 117 மெகாபைட்டைத் தாண்டவில்லை. இது பழுதல்ல. ஒரு டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். மாற்றி மாற்றி அனுப்பினால் வரிசை குலைந்து, டிசிபி பாக்கெட் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். லினக்ஸ் பாண்டிங்கின் (சர்வரின் பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) மோட் 0 இப்படி மாற்றித்தான் அனுப்புகிறது, அதில் இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

117 எங்கிருந்து வருகிறது? 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் உண்மையான தரவு 1448 பைட். எனவே 1000 மெகாபிட்டில் கையில் கிடைப்பது சுமார் 941 மெகாபிட், அதை எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 117 மெகாபைட். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-இல் 941 வந்தால் அந்தக் கேபிள் நிரம்பிவிட்டது என்று பொருள். ஃபைல் காப்பி 60, 70 மெகாபைட்டில் நின்றால் முதலில் டிஸ்கைப் பாருங்கள், சுவிட்சை அல்ல.

இனி அமைப்பு. எடுத்துக்காட்டுக்கு இரண்டு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சுகள். சர்வர் இரண்டு கேபிளோடு முதல் சுவிட்சில், பயனர்கள் இரண்டாவதில், நடுவே 23, 24-ஆம் போர்ட்டுகள். சர்வருக்கு ஒரே கேபிள்தான் என்றால் அந்த ஒரு சர்வரைப் பொறுத்தவரை நடுவில் எத்தனை போட்டாலும் 941-தான் உச்சம்.

முதலில் இரண்டு சுவிட்சிலும் 24-ஆம் போர்ட்டை ஷட்டவுன் செய்யுங்கள். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ அணைந்திருக்கும் நெட்வொர்க்கில், குழுவாகாத இரண்டு கேபிள் நொடிகளில் லூப்பாகி, பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றும். பிறகு இரண்டு போர்ட்டுக்கும் வேகம், விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) பட்டியல், டிரங்க் மோட் மூன்றையும் ஒன்றாக்குங்கள். (எச்பி புரோகர்வில் கேபிள் குழுவையே டிரங்க் என்பார்கள். சிஸ்கோவில் டிரங்க் என்றால் பல விலான் போகும் போர்ட். இரண்டு கம்பெனி சுவிட்சுகளை இணைக்கும்போது இந்தச் சொல்லில் கவனம்.) அடுத்து இரு போர்ட்டிலும் 'சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்' கொடுங்கள். மறுமுனையிலும் ஆக்டிவ் வையுங்கள். இருபுறமும் பாஸிவ் என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள், குழுவும் உருவாகாது. 'ஆன்' என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அதில் எல்ஏசிபி பேச்சே கிடையாது, மறுமுனையில் தவறு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும். குழு உருவான பின் விலான் மாற்றங்களை, குழு முழுவதையும் குறிக்கும் போர்ட்-சேனலில் மட்டும் செய்யுங்கள்.

24-ஐ நோ ஷட்டவுன் செய்து 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' பாருங்கள். குழுவுக்கு எதிரே எஸ்யூ, ஒவ்வொரு போர்ட்டுக்கும் பி இருக்க வேண்டும். ஐ என்று வந்தால் அந்த போர்ட் தனியாக நிற்கிறது. சிறிய எஸ் வந்தால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அமைப்பு பொருந்தாததால்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது இதற்கு அடுத்த கட்டம். எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது அனுப்பும் பக்கம் மட்டுமே. டவுன்லோடில் சர்வரும் முதல் சுவிட்சும் முடிவெடுக்கும், அப்லோடில் இரண்டு சுவிட்சுகளும். 2960-இன் இயல்பு அமைப்போ அனுப்புபவரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) மட்டும் பார்க்கும். பாண்ட் செய்த சர்வருக்கு ஒரே மேக். ஆகவே டவுன்லோட் முழுக்க ஒரே கேபிளில் அடைபட, அருகில் இன்னொன்று சும்மா கிடக்கும். பத்துப் பேர் இழுத்தாலும் மொத்தம் 941-தான்! நடுக் கேபிள்களில் அப்லோட் மட்டும் பிரிந்து போகிறது, டவுன்லோட் போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

இரண்டு சுவிட்சிலும் 'போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி' கொடுங்கள். இனி அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐபியையும் பார்த்துக் கேபிளைத் தேர்ந்தெடுக்கும். இது சுவிட்ச் முழுவதற்குமான கட்டளை, எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும். லினக்ஸ் சர்வரில் பாண்டிங் மோட் 4, மிமான் (லிங்க்கைச் சோதிக்கும் இடைவெளி, மில்லிநொடியில்) 100, ஹாஷ் கொள்கை (கேபிளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு) லேயர்3+4, அதாவது ஐபியோடு டிசிபி போர்ட் எண்ணும்.

சோதிக்கும்போது ஒரு நுணுக்கம். எளிய எக்ஸ்ஆர் கணக்கில் (இரு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1), இரண்டு கேபிள் என்றால் இரு ஐபிகளின் கடைசி பிட் மட்டுமே பேசும். சர்வர் .10, பயனர்கள் .22, .24 என்றால் இருவரும் ஒரே கேபிளில் விழுந்து ஆளுக்கு 470 அளவில் பிரித்துக்கொள்வார்கள். ஒருவரை .21-க்கு மாற்றிப் பாருங்கள், இருவருக்கும் 941 கிடைக்க வழியுண்டு. போர்ட்டுகளில் 'லோட்-இன்டர்வல் 30' போட்டால் எந்தக் கேபிளில் எவ்வளவு ஓடுகிறது என்பது சீக்கிரம் தெரியும். இயல்பு 5 நிமிடச் சராசரி, சோதனைக்கு உதவாது. மூன்று கேபிள் போடுபவர்கள் கவனிக்க: சிஸ்கோ ஹாஷ் முடிவுகளை 8 பங்காக்கும், எனவே பிரிவினை 3:3:2 ஆகும். இரண்டோ நான்கோ போடுவதே நல்லது.

ஒரே பயனருக்கு 941-க்கு மேல் வேண்டுமென்றால் முதலில் அவர் பக்கமும் 1 ஜிகாபிட்டைத் தாண்ட வேண்டும். அதன்பின் பல இணைப்புகளாகப் பிரிக்கும் புரோட்டோகால் தேவை. விண்டோஸின் ஃபைல் பகிர்வான எஸ்எம்பியில், விண்டோஸ் சர்வர் 2012 முதல் மல்டிசேனல் இருக்கிறது. அதற்கு சர்வரின் இரு கார்டையும் பாண்ட் செய்யாமல் .10, .11 என்று தனித்தனி ஐபி கொடுங்கள், நடுக் கேபிளிலும் பிரிய வழியுண்டு. லினக்ஸ் ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ்ஸை பல இணைப்புகளாக்கும், லினக்ஸ் 5.3 முதல் வந்த என்கனெக்ட்டில் நிலைமை வேறு. நான்கு இணைப்பு கேட்டால் நான்கும் அதே இரண்டு ஐபிகளுக்கு இடையேதான். டிசிபி போர்ட் எண்ணையும் பார்க்கும் சுவிட்ச் இல்லாவிட்டால் நான்கும் ஒரே கேபிளில் சேர்ந்துவிடும், 2960-இல் அந்த வசதி கிடையாது. இரு சுவிட்சிலும் எஸ்எஃப்பி+ துளை (10 ஜிகாபிட் இணைப்புக்கானது) இருந்தால் டேக் கேபிள் (இரு முனையிலும் அதற்கான பிளக் பொருத்திய செம்புக் கேபிள்) ஒன்றைப் போட்டு இந்த நடுவழி நெரிசலையே முடித்துவிடலாம்.

பயனர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் எப்போதும் மந்தம், மீதிப் பேருக்கு ஒரு குறையும் இல்லை என்று புகார் வந்தால், ஒரு கேபிளின் கிரிம்ப் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடம்) கெட்டிருக்கக்கூடும். லிங்க் அணையாதவரை எல்ஏசிபி அதை வெளியேற்றாது. 'ஷோ இன்டர்ஃபேஸஸ்'-இல் சிஆர்சி (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கை ஏறுகிறதா பார்த்துக் கேபிளை மாற்றுங்கள்.

கடைசியாக, ஃபைல் காப்பி ஓடும்போதே 23-இன் கேபிளைப் பிடுங்குங்கள். காப்பி சற்றுத் தயங்கி மறு கேபிளில் தொடர வேண்டும். நடுவே மீடியா கன்வெர்ட்டர் (செம்பு, ஃபைபர் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இருந்தால் அதற்கு அப்பாலுள்ள கேபிளையும் பிடுங்கிப் பாருங்கள். சுவிட்ச் பக்கம் லிங்க் உயிரோடு தெரிவதால், எல்ஏசிபியின் ஸ்லோ அமைப்பில் 90 நொடி வரை பாக்கெட்டுகள் காணாமல் போகும். இருபுறமும் ஆதரித்தால் எல்ஏசிபி ரேட்டை ஃபாஸ்ட் ஆக்குங்கள், அது 3 நொடியாகக் குறையும்.