கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தேடிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் போய் வந்தவர்களின் முறைப்பாடுகளில் இது தவறாமல் இருக்கும்: "மாம்பழம் வாங்கித் தின்றோம், அந்தப் பழைய ருசி இல்லை." மண் கெட்டுவிட்டது, மருந்தடிக்கிறார்கள், எல்லாம் ஒட்டுமரம் என்று காரணங்களும் அடுக்குவார்கள். இருக்கலாம். ஆனால் முதலில் விமானச் சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் கணக்கில் வைத்து, ஜூலைக் கடைசியிலோ ஓகஸ்ட்டிலோதான் போய் இறங்குகிறார்கள். வடக்கில் மாம்பழத்தின் முழுப்பருவம் மே தொடங்கி ஜூலை வரை. நல்லூரில் கொடியேறும் நேரம் சந்தையில் கிடைப்பது அநேகமாகப் பருவத்தின் வால். அவுஸ்திரேலியாவிலிருந்து மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும், மாமரம் அப்போதுதான் பூப்பதைப் பற்றி யோசிக்கும். மாம்பழம்தான் முக்கியம் என்றால் ஜூன் மாதத்தில் போங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, எதை வாங்குகிறோம் என்பது. இப்போது கடைகளில் பெரிதாக, வழவழவென்று, நாரே இல்லாமல் இருக்கும் ரிஜேசி (TJC) மாம்பழம் நல்ல பழம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் சின்ன வயதில் இருந்த பழம் இல்லை. அதைத் தின்றுவிட்டு யாழ்ப்பாணத்து மாம்பழம் மாறிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. கறுத்தக்கொழும்பான், விலாட்டு, அம்பலவி, செம்பாட்டான், வெள்ளைக்கொழும்பான் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கறுத்தக்கொழும்பானை நிறம் பார்த்து வாங்க முடியாது. பழுத்த பிறகும் தோலில் பச்சை முழுதாக விடாது. மஞ்சளாய் மினுங்கும் பழத்தைத் தேடுகிறவர் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். காம்படியில் மூக்கை வைத்துப் பாருங்கள். மணம் அங்கேதான் முதலில் வரும். எல்லாப் பழமும் ஒரே அளவுக்குப் பழுத்து, ஒரே நிறத்தில், ஒரு மணமும் இல்லாமல் அடுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். முற்றாத காயைப் பிடுங்கி மருந்து வைத்துப் பழுக்கப் பண்ணியிருந்தால் தோல்தான் பழுக்கும், உள்ளே புளிக்கும்.

என்னைக் கேட்டால், பழமாக வாங்குவதை விட முற்றின காயாக வாங்குவதே நல்லது. போய் இறங்கிய அன்றைக்கே, திரும்பி வரும் நாளுக்கு முதல் நாள் அல்ல. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், தென்மராட்சிப் பக்கம் என்றால் சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளுக்குக் காலையிலேயே போங்கள். "அம்மா, முத்தின காயாப் பாத்துத் தாங்கோ, பழுக்க வைக்கோணும்" என்றால் விற்கிறவருக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று விளங்கும். முற்றிய காய்க்குக் காம்பின் இரண்டு பக்கமும் தோள் உப்பியிருக்கும். தண்ணீருக்குள் போட்டால் தாழும். இளசு பெரும்பாலும் மிதக்கும். வீட்டில் வைக்கோலுக்குள்ளோ, நெல் மூட்டைக்குள்ளோ, இரண்டும் இல்லாவிட்டால் பழைய பத்திரிகையில் சுற்றிக் கடகத்திலோ வைத்துவிட்டால் சில நாளில் வீடே மணக்கும். தினமும் ஒருதரம் கிளறிப் பாருங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அப்புறம், பிரிட்ஜ். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்று மச்சாளோ சித்தியோ பாசத்தில் பழத்தை அதற்குள் வைத்துவிடுவார்கள். மெதுவாகத் தடுத்துவிடுங்கள். பழுக்காத மாங்காய் 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்ததோ குளிரில் மணத்தை அடக்கிக்கொள்ளும். நாங்கள் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மணம்தான். சின்ன வயதில் யாரும் மாம்பழத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி முள்ளுக்கரண்டியால் குத்தித் தின்னவில்லை. கிணற்றடியில் நின்று, தோலோடு கடித்து, முழங்கை வரை வழியவிட்டு, கடைசியில் கொட்டை வெளுக்கும் வரை சூப்பினோம். அப்படித் தின்னும்போது மூக்கு பழத்துக்குள்ளேயே இருக்கிறது. காம்புப் பாலை மட்டும் கழுவிவிடுங்கள், வாயோரம் வெந்துவிடும்.

ஓகஸ்ட்டை விட்டால் வேறு வழியில்லை என்கிறவர்கள் மாம்பழத்தை மறந்துவிட்டுப் பனம்பழத்தைப் பிடியுங்கள். இதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு, எனக்கு அது புரிவதில்லை. மாம்பழமாவது வேறு நாட்டு மாம்பழமாக லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. பனம்பழம் எங்கே கிடைக்கும்? அதிகாலையில் பனையடியில் விழுந்து கிடப்பதை, மாடு வாய் வைப்பதற்கு முன் எடுக்க வேண்டும். நெருப்பில் போட்டுத் தோல் கருகும் வரை சுட்டு, தோலை உரித்தால் செம்மஞ்சள் தும்பு. அதைக் கையால் பிசைந்து சூப்ப வேண்டியதுதான். பல்லிடுக்கில் தும்பு மாட்டும், சில மரத்துப் பழம் லேசாகக் கைக்கும், பல மணி நேரத்துக்குக் கையில் மணம் போகாது. அங்கே பிறக்காத பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். பழத்தைப் பிசைந்து எடுத்த களியைக் காய்ச்சிச் சீனியும் மாவும் சேர்த்துப் பொரித்த பனங்காய்ப் பணியாரத்தை முதலில் கொடுத்துப் பழக்குங்கள்.

பாலைப்பழம் வேண்டுமென்றால் அது வன்னிக் காட்டுச் சொத்து. ஜூன், ஜூலை வாக்கில் ஏ9 வீதியோரத்திலும் சந்தைகளிலும் விற்பார்கள். சின்ன மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிக்கும், பால் உதட்டில் பசையாக ஒட்டும். ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் விட்டுவிடும். வாங்கிய அன்றைக்கே தின்றுவிடுங்கள். வாழைப்பழத்துக்குப் பருவக் கவலை இல்லை. நீர்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த இதரை வாழையோ கப்பல் வாழையோ எந்த மாதமும் கிடைக்கும். புகை போட்டுப் பழுத்த குலை என்றால் இன்னும் விசேஷம்.

சரி, ஒரு குறிப்பிட்ட மரத்துப் பழத்தைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்பாச்சி வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற மரம். அதற்குச் சந்தையில் பதில் கிடையாது. வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் சனம் எழும்பிப் போன இடங்களில் பல வளவுகள் பல்லாண்டு கழித்துத்தான் இராணுவத்தால் கட்டம் கட்டமாக விடப்பட்டன. எல்லைக்கல்லையே தேட வேண்டிய இடத்தில் மரத்தை எங்கே தேடுவது? மரம் நின்றால் அதிர்ஷ்டம். வேறு குடும்பம் இருக்கும் வீடு என்றால் படலையில் நின்று கூப்பிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். காணி உறுதியும் கையுமாகப் போய் நிற்கிறார்களோ என்று அவர்கள் பயப்படக்கூடும். பழம் கேட்க வந்தேன் என்று முதலே சொல்லிவிட்டால் கொக்கத்தடியை அவர்களே எடுத்து வருவார்கள். ஆளில்லாத, பற்றை மூடிய வளவு என்றால் தனியாக இறங்கவே வேண்டாம். கட்டில்லாத பாழ்கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கும், பாம்பு இருக்கும். முகமாலைப் பக்கம் போல எங்காவது கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் ஈச்சம்பழத்துக்காகவும் ஓரடி தாண்டாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் ருசி முழுதாகத் திரும்பாமல் போகலாம். சின்னப் பிள்ளைகளின் நாக்கு பெரியவர்களை விட அதிக இனிப்பை விரும்பும். அறுபதைத் தாண்டும்போது மோப்பம் குறையத் தொடங்கும். அம்மாவோடு போகிறீர்கள், அவர் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார் என்றால் பழத்தை மட்டும் பழி சொல்லாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு பழத்தோடு நிறுத்துவதற்கு வீட்டில் யாரையாவது காவல் வைப்பது நல்லது.

கொண்டுவரும் ஆசைக்கு வருவோம். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பயணப்பொதியில் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். சுவிஸிலும் இதே ஐந்து. மாம்பழம் அதில் இல்லை. பிரித்தானியா, கனடா ஆகியவற்றின் விதிகள் தனி, புறப்படும் முன் அரச இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியாவில் எந்த உணவையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டப்பணம் பழத்தின் விலையில் இருக்காது.

காய்ந்த பொருளாக வேண்டுமென்றால் பனாட்டு வாங்குங்கள். பனங்களியைப் பாயில் பரவிக் காயவைத்து எடுப்பது. யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலும் கிடைக்கும், சந்தையிலும் கிடைக்கும். அதையும் அறிவித்துத்தான் கொண்டுபோக வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள். வளைய வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது, ஈரம் இருந்தால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பையில் இரட்டையாகக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டியிலுள்ள சட்டையெல்லாம் பனாட்டு மணம்தான்.