எஃப்எஸ்டேபில் ஒரு வரி தப்பானால் சர்வர் எழுந்திருக்காது

போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து விடிகாலையில் போன்: கரண்ட் போய் வந்ததிலிருந்து சர்வர் வரவில்லை, பெங்களூரா ரக மாம்பழ லோடு லாரிகள் எடைமேடையில் வரிசையாக நிற்கின்றன, பில் போட முடியவில்லை. தர்மபுரியிலிருந்து பைக்கில் காவேரிப்பட்டணம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் திரையில் 'எமர்ஜென்சி மோட்'. ஹார்ட் டிஸ்க் போச்சு என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. பேக்கப்புக்காக நான் சொருகிவிட்டு வந்த யுஎஸ்பி டிஸ்க்கை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க, அதாவது மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) அதற்கு நான் எழுதிய வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்கிற ஆப்ஷன்) இல்லை. தப்பு என்னுடையதுதான்.

லினக்ஸ் பூட் ஆகும்போது அந்த ஃபைலில் எழுதியிருக்கும் டிஸ்க் வரும் என்று, பூட்டை நடத்தும் புரோகிராமான சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும், வராவிட்டால் பூட் ஆவதை நிறுத்தி எமர்ஜென்சி மோடில் விட்டுவிடும். ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்ட் கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும், அங்கே பெரும்பாலும் என்டர் தட்டினாலே உள்ளே விடும்; விடாவிட்டால் லைவ் யுஎஸ்பி (லினக்ஸை நேராக ஓடவைக்கும் பென்டிரைவ்) போட்டு பூட் செய்து, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து அதிலுள்ள ஃபைலைத் திருத்த வேண்டியதுதான். சேவ் ஆகாமல் 'ரீட் ஒன்லி' என்று அடம்பிடித்தால் ரூட்டை ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகமான வரியை அழிக்காதீர்கள், முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டால் போதும், அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

சரி, வரியில் என்ன பார்ப்பது? எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பாதீர்கள், இன்னொரு டிஸ்க் சொருகினாலே அவை இடம் மாறக்கூடும். பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் யுயுஐடியை, அதாவது அந்த டிஸ்க் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணை, அப்படியே காப்பி செய்யுங்கள். அடுத்தது, என்னையே அரை மணி நேரம் சுற்றவிட்ட விஷயம்: 'டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்' என்பதில் கமாவுக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் விழுந்தால் போச்சு, அந்த வரியில் ஆறு கட்டங்களையும் ஸ்பேஸ்தான் பிரிக்கிறது, அதனால் நோஃபெயில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

திருத்தியதும் உடனே ரீபூட் அடிக்காதீர்கள். முதலில் திருத்தத்தை சிஸ்டம்டி மறுபடி படிக்க டீமன்-ரீலோட், அப்புறம் ஃபைலில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க ஃபைண்ட்எம்என்டி (findmnt) கட்டளையை வெரிஃபை ஆப்ஷனோடு, கடைசியாக ஃபைலில் உள்ளவற்றை மவுண்ட் செய்து பார்க்க மவுண்ட் மைனஸ் ஏ (mount -a). மூன்றும் முணுமுணுக்காமல் முடிந்தால், நீங்கள் அங்கே நிற்கும்போதே ஒரு முறை ரீபூட் செய்து பாருங்கள்.

நோஃபெயில் போட்டாலும் ஒரு வில்லங்கம் உண்டு. டிஸ்க் இல்லாமலே சர்வர் எழுந்துவிடும், ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டிய அந்தக் காலி ஃபோல்டரிலேயே கொட்டும், அது ரூட் பார்ட்டிஷனில் இருப்பதால் நாலைந்து நாளில் அதுவும் நிரம்பி பில்லிங் மறுபடியும் நிற்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே வெளியேறச் சொல்லுங்கள்.