அலுவலக அணியாக ஆழ்கடல் பாய்மரப் போட்டிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே இடத்தில் வேலை பார்க்கும் எட்டுப் பேரோ பத்துப் பேரோ சேர்ந்து, பந்தயப் படகு ஒன்றை அதன் தலைவரான ஸ்கிப்பரோடு வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவு வரை ஓடும் பாய்மரப் போட்டியில் கலந்துகொள்வது வெளிநாடுகளில் பல காலமாக இருந்துவரும் வழக்கம். நெல்லைச் சீமையின் வங்கிகளிலும் ஆலைகளிலும் காற்றாலை நிறுவனங்களிலும் பணியாற்றுவோருக்கு இது எட்டாத ஆசை அல்ல. சென்னையில் 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் பாய்மரப் பயிற்சி பெற வழியுண்டு. ஆனால் கடலில் வெளிப்படும் தவறுகளில் பெரும்பகுதி, கிளம்புவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கரையில் செய்யப்பட்டுவிட்டவை என்பது என் உறுதியான கருத்து. இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

முதலாவது, அலுவலகத்தின் பதவி வரிசையைப் படகுக்குள் ஏற்றிக்கொள்வது. மேலாளர் என்பதற்காக ஒருவரைச் சுக்கானுக்கு அருகில் அமர்த்துவதும், புதிதாகச் சேர்ந்தவர் என்பதற்காக இன்னொருவரை முன்தளத்துக்கு அனுப்புவதும் இயல்பாக நடந்துவிடுகின்றன. முன்தளமோ படகிலேயே அதிகம் ஆடுகிற, அதிகம் நனைகிற, ஆபத்து மிகுந்த இடம். அங்கே நிற்பவருக்கு உடற்சமநிலையும் பதறாத புத்தியும் வேண்டும். கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றத் தோள்வலுவும், பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றைப் பார்த்துக்கொள்ளக் கண் விலகாத கவனமும் வேண்டும். யாருக்கு எது கைவருகிறது என்பதைப் பயிற்சி நாட்களில் பார்த்து, பதவியை அறவே மறந்து பணியைப் பிரிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது பேச்சு வழக்கு. மூத்தவரை 'அண்ணாச்சி' என்றும் மேலதிகாரியை 'சார்' என்றும் விளித்தே எதையும் தொடங்கிப் பழகியவர்கள் நாம். பின்காற்றில் ஓடும் படகின் பூம், அதாவது பெரிய பாயின் அடியில் கிடையாக நிற்கும் கனத்த கழி, எதிர்பாராமல் மறுபக்கம் வீசும்போது, "அண்ணாச்சி, கொஞ்சம் குனிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அது தலை இருக்கும் உயரத்தைக் கடந்துவிடும். அங்கே "குனி!" என்ற ஒற்றைச் சொல்தான் உயிரைக் காக்கும். படகில் ஒருமையில் கூவப்படும் கட்டளை யாரையும் அவமதிப்பது ஆகாது என்று கரையிலேயே எல்லோரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மேலாளர் முதலில் ஒப்புக்கொண்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் தீரும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளில் அவற்றின் தலைவரான தண்டலின் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. பந்தயப் படகின் ஸ்கிப்பருக்கும் அதே இடத்தைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, நீச்சல் தெரியும் என்ற துணிச்சல். குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர்கள் உயிர்காப்பு அங்கியைச் சுமையாகவே நினைக்கிறார்கள். ஆற்றில் விழுந்தவருக்குக் கரை தெரியும். கடலில் விழுந்தவரின் தலை ஒரு மீட்டர் அலைக்கே மறைந்துவிடும். ஆறு நாட், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல், வேகத்தில் ஓடும் படகு ஒரே நிமிடத்தில் சுமார் 185 மீட்டர் விலகிப் போகிறது. அது பாயை மாற்றித் திரும்பி வருவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். எனவே அங்கியை அணிவது மட்டும் போதாது. ஒருவர் விழுந்தால் யார் கூவுவது, யார் மிதவையை வீசுவது, யார் ஜிபிஎஸ் கருவியில் இடத்தைப் பதிவது, விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் விரல்நீட்டிக்கொண்டே நிற்பவர் யார் என்பதெல்லாம் பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும்.

உடலைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை மாட்டுவதோடு கடமை முடிந்ததாக எண்ணுவதும் தவறே. 2017 நவம்பரில், பயிற்சி பெற்ற அமெச்சூர்கள் உலகைச் சுற்றும் கிளிப்பர் போட்டியில், தென்பெருங்கடலில் ஒருவர் உயிரிழந்தார். அவர் தம்மைப் பிணைத்தே இருந்தார். ஆனால் கயிற்றின் கொக்கி தளத்திலிருந்த ஓர் உலோகக் கட்டைக்கு அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து கழன்றுவிட்டது. ஆகவே கொக்கி எதில் மாட்டியிருக்கிறது, நாம் நகரும்போது அது எங்கே போய் உட்காருகிறது என்பதையும் கவனிக்கப் பழக வேண்டும்.

காற்றைப் பற்றிய தவறு நம் கரைக்காரர்களுக்கே உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் நெருக்குண்டு வேகம் கூடி வருவதால்தான் முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. அம்மியையும் பறக்கவிடும் என்று பெயர் வாங்கிய அந்த ஆடிக்காற்று, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கத்தில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் காற்று எழுப்பும் அலை கரையருகே சிறிதாகவே இருக்கும். கடல் அமைதியாக இருக்கிறது என்று நம்பிப் பயிற்சிக்குப் புறப்படுவார்கள். கரையை விட்டு விலக விலக அலை வளரும். திரும்ப வேண்டிய நேரத்தில் காற்று முகத்துக்கு நேரே நிற்கும், காற்றுக்கு நேரெதிராக எந்தப் பாய்மரப் படகும் ஓடாது. ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் இடமும் வலமுமாக மாறி மாறித்தான் வந்துசேர வேண்டும் என்பதால், பத்து மைல் பயணம் பதினான்கு மைலாகிவிடும்.

காற்றின் வேகம் 12 நாட் அளவிலிருந்து 24 நாட் அளவுக்கு இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. எனவே பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதன்முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் அலை உயரத்தையும் உச்ச அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே. தனி அலை அதைப்போல் இருமடங்கு வரை எழக்கூடும். குமரிக்கடலில் நிலைமை எவ்வளவு விரைவாக மாறும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் நமக்குக் காட்டிவிட்டது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிக்கையைப் புறப்படும் அன்று காலையில் மீண்டும் ஒருமுறை பார்க்காமல் படகில் ஏற வேண்டாம்.

தூத்துக்குடிப் பக்கம் பயிற்சி செய்வோர் வள்ளம் போகும் வழியில் தாமும் போகலாம் என்று எண்ணுகிறார்கள். பத்துப் பதினோரு மீட்டர் நீளமுள்ள பந்தயப் படகின் அடியில், அது கவிழாமல் காக்கும் கனத்த தகடான கீல் இரண்டு மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும்; வள்ளத்துக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. விலாங்குசல்லி போன்ற தீவு நீரில் மூழ்கியே கிடக்கிறது. இந்தத் தீவுப் பகுதி 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா என்பதால், வனத்துறை அனுமதியின்றி நெருங்கவும் கூடாது. துறைமுகக் கால்வாயில் பெரிய கப்பல்தான் பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்று நினைப்பதும் தவறு. குறுகிய கால்வாய்களில் பாய்மரப் படகு கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பதே பன்னாட்டு விதி.

உணவில் செய்யும் தவறு சிறியதாகத் தோன்றினாலும், பாதி அணியைப் படுக்கவைத்துவிடும். முந்தின இரவு பரோட்டாவும் சால்னாவும் வயிறு நிறைய உண்டுவிட்டு, விடியலில் படகேறுவது வேண்டாம். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் தொடங்கிய பிறகு அல்லாமல் முன்கூட்டியே உட்கொள்ள வேண்டும். இட்லி, வாழைப்பழம், சுக்கு போதும். தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுக்க ஓரத்துக்குப் போகிறவரும் முதலில் கொக்கியை மாட்டியாக வேண்டும்.

போட்டி தொடங்க 5, 4, 1 நிமிடங்கள் இருக்கும்போதும், தொடங்கும் நொடியிலும் சைகைகள் வரும். நெரிசலுக்கு நடுவே முந்த முயலாமல், பத்து விநாடி பின்தங்கினாலும் தடையற்ற காற்றோடு தொடங்குவது புதிய அணிக்கு நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நிறுவனம் பணம் கட்டிவிட்டது என்பதற்காகத் திரும்பத் தயங்குவது. போட்டியில் இறங்குவதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் பொறுப்பு மட்டுமே என்று பந்தய விதிகளே சொல்கின்றன. 1979-இல் 303 படகுகள் புறப்பட்ட ஃபாஸ்ட்னெட் போட்டியில் புயல் தாக்கி 15 போட்டியாளர்கள் இறந்தனர். 24 படகுகளை அவற்றின் குழுவினர் கைவிட்டனர். அவற்றில் மூழ்கியவை ஐந்து மட்டுமே. முன்னதாகத் திரும்பும் முடிவும், படகு மிதக்கும் வரை அதை விட்டு இறங்காத உறுதியும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டையும் கரையிலேயே பேசிவிடலாம். விலகினால் போட்டி நடத்துவோருக்கு உடனே தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் துறைமுகத்தில் பத்திரமாக இருக்கும் உங்களைத் தேடி வேறு சிலர் கடலுக்குள் போக நேரும். படகில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலையும், திரும்பும் நேரத்தையும், கடலோரக் காவல்படையின் அவசர எண்ணான 1554-ஐயும் அலுவலகத்தில் பொறுப்பான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்ப வேண்டும்.